ரெண்டுங்கெட்டான் கைப்பேசி

காந்திபுரத்துக் கிராஸ்கட் சாலையில் துணிக்கடைகளின் வெளிச்சம் ஓய்ந்து நிழல் தொடங்கும் ஒரு சந்தின் முனையில், ஒரு மேசையின் அகலமே தன் அகலமாகக் கொண்ட பழுதுபார்க்கும் கடையொன்றின் முன் நான் நின்றிருந்த பிற்பகலில், அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து நூற்கயிறு கட்டிய சிறு கைப்பேசி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். மேற்பாதியில் சிறியதொரு தொடுதிரையும் கீழ்ப்பாதியில் பன்னிரண்டு பொத்தான்களும் உடையது அது.

“பட்டனெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. டச்சுதான் போயிருச்சு” என்றார் அவர்.

கடைக்காரத் தம்பி அதை இருபுறமும் புரட்டிப் பார்த்தான். “ஏனுங்கய்யா, பட்டன் போனுன்னா பட்டன் போனு, டச்சு போனுன்னா டச்சு போனு. இது ரெண்டுங்கெட்டானுங்க. இதுக்கு இப்ப டச்சு எங்கீங்க கிடைக்குது?”

“உனக்கு ரெண்டுங்கெட்டான், தம்பி. எனக்கு மோட்டார் போட இதுதான் தோது.”

இந்த அத்தியாயம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையே பிறந்தது. ஒரு சாதனத்தை ஒருவன் ரெண்டுங்கெட்டான் என்கிறான். மற்றொருவர் தோது என்கிறார். இருவரும் அதைக் கையாண்டு பழகியவர்களே. பொய் சொல்ல இருவருக்கும் முகாந்திரம் இல்லை. அப்படியாயின், ஒரு கைப்பேசியை மதிப்பிடுவது என்றால் என்ன? விற்பனைக் குறிப்பில் அச்சிட்ட எண்களை அடுக்கி, எண் பெரிதானால் கருவி நல்லது என்று தீர்ப்புக் கூறுவதா? அல்லது அந்தக் கருவியின் திரைக்குள் மின்சாரம் என்ன செய்கிறது, அதன்மேல் விரல் என்ன செய்கிறது, விரலுக்கு உடையவர் எந்தக் காரியத்துக்காக அதைத் தொடுகிறார் என்னும் மூன்றையும் சேர்த்து ஆராய்வதா? பின்னதே விஞ்ஞானத்துக்கு உகந்தது என்று கருதி, அவ்வழியே செல்ல முற்படுகிறேன்.

முதலில் இவ்வகைக் கருவியின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்த பிறகு, பொத்தான்களே இல்லாத கண்ணாடிப் பலகையைக் கைப்பேசி என்று உலகம் ஏற்கத் தொடங்கியது. ஆனால் அத்தகைய பலகையின் விலை, நம்மவர்களில் பெரும்பாலோருடைய கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மறுபுறத்தில், 2003இல் வந்த நோக்கியா 1100 போன்ற பொத்தான் கருவிகள், தலையில் ஒரு டார்ச் விளக்கும் தூசு நுழையாத பொத்தான் மூடியும் தவிர வேறு ஆடம்பரம் இன்றி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்திருந்தன. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் அமைக்க முயன்று, நோக்கியா நிறுவனம் 2010இல் எக்ஸ்3-02 என்னும் கருவியை வெளியிட்டது. தொடுவதும் உண்டு, தட்டச்சிடப் பொத்தானும் உண்டு என்பது அதன் கொள்கை. அதே கொள்கை மலிவாகி, 2011 அக்டோபரில் இலண்டனில் அறிமுகமான ஆஷா வரிசையில் இடம்பெற்றது. நம்பிக்கை என்று பொருள்படும் அந்த வடசொல்லை ஒரு பின்லாந்து நிறுவனம் தேர்ந்தெடுத்ததிலிருந்தே, எந்தச் சந்தையை அது மனத்தில் வைத்திருந்தது என்பது விளங்கும். 2012 பிப்ரவரியில் வந்த ஆஷா 202 அந்த வரிசையில் நமக்கு நல்ல உதாரணம்: 2.4 அங்குலத் தொடுதிரை, குறுக்கே 240, நெடுக்கே 320 புள்ளிகள், 2 மெகாபிக்சல் கேமரா, இரண்டு சிம், 1020 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம், கீழே வழக்கமான எண் பொத்தான்கள். நமது மாநிலத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் இயங்கிய அந்நிறுவனத்தின் ஆலைக்கும் இந்த வரிசைக்கும் உறவு உண்டு. ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. வரிசையும் அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது.

இனித் திரைக்குள் நுழைவோம். தொடுதிரை என்னும் ஒரே பெயரால் நாம் அழைப்பவை, அடிப்படையில் வேறுபட்ட இரண்டு ஜாதிகள். இங்கிலாந்தில் மால்வர்ன் என்னுமிடத்து ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965இல் விவரித்தது, விரலின் மின்கொள்ளளவை உணரும் ஜாதி. இன்றைய ஸ்மார்ட்போன்களின் மூதாதை அதுவே. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில், வரைதாள்களில் பதிந்த கோடுகளின் அளவுகளைக் கையால் குறித்தெடுக்கும் சலிப்பிலிருந்து தப்ப வழி தேடிய சாமுவேல் ஹர்ஸ்ட் என்னும் பௌதிகப் பேராசிரியர், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டது மற்றொரு ஜாதி. அது விரலின் மின்தன்மையைக் கேட்பதில்லை, விரலின் அழுத்தத்தையே கேட்கும். மின்தடைத் திரை என்று அதற்குப் பெயர். அந்நாளைய மலிவுக் கைப்பேசிகள் பலவற்றிலும், ஆஷா 202இலும் அமைந்திருந்தது இதுதான்.

மின்தடைத் திரையின் சூட்சுமம், வாய்க்கால் பாசனம் அறிந்த கொங்கு நாட்டு வாசகருக்கு எளிதில் புரியும். அடியில் ஒரு கண்ணாடித் தகடு. மேலே வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தகடு. இரண்டின் உட்புறமும் ஒளி ஊடுருவக்கூடியதும் மின்சாரம் பாயக்கூடியதுமான இண்டியம்-வெள்ளீய ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். இரண்டும் தாமாக ஒட்டிக்கொள்ளாதபடி, கண்ணுக்குத் தெரியாத சிறு முகடுகள் இடையே தாங்கி நிற்கும். ஒரு தகட்டின் இடக்கோடியில் 3 வோல்ட்டும் வலக்கோடியில் பூஜ்யமும் கொடுத்தால், சீரான சரிவில் வெட்டிய வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போவதுபோல, மின்னழுத்தமும் இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கும். விரல் அழுத்துமிடத்தில் மேல் தகடு குழிந்து கீழ்த் தகட்டைத் தொடுகிறது. தொட்ட தகடு, வாய்க்காலில் நட்ட அளவுகோல்போல, அந்த இடத்து மின்னழுத்தத்தை எடுத்துச் சொல்கிறது. 2 வோல்ட் என்று சொன்னால், விரல் இடக்கோடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. உடனே தகடுகள் தம் தொழிலை மாற்றிக்கொண்டு, மேலிருந்து கீழாகவும் அதே கணக்கைப் போடுகின்றன. இரண்டு அளவுகள் சேர்ந்தால் ஒரு புள்ளி. இது நொடிக்குப் பல பத்து முறை ஓயாமல் நடக்கிறது.

இவ்வளவு எளிய ஏற்பாட்டிலிருந்தே அதன் குணங்களும் தோஷங்களும் பிறக்கின்றன. அழுத்தமே போதும் என்பதால் நகம், பேனா மூடி, கையுறைக்குள் மறைந்த விரல், வேலையால் காய்த்துத் தடித்த விரல் எல்லாம் அதற்கு ஒன்றே. கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர், பஞ்சுத் துணிக் கையுறையைக் கழற்றாமலேயே இத்தகைய திரையை இயக்குகிறார். அதே கையுறையோடு அவர் மகனுடைய விலையுயர்ந்த ஸ்மார்ட்போனைத் தடவினால், செவிடன் முன் உபந்நியாசம் செய்ததுபோல் ஆகிறது. திரைமேல் ஒரு மழைத்துளி விழுந்தால் மின்கொள்ளளவுத் திரை அதையும் ஒரு விரல் என்று மயங்கக்கூடும். மின்தடைத் திரைக்குத் துளியின் எடை பொருட்டன்று.

தோஷங்களைச் சொல்வோம். இரண்டு விரல்களை ஒருங்கே வைத்தால் அதற்கு இரண்டு புள்ளிகள் தெரிவதில்லை. நடுவே எங்கோ ஒரு பொய்ப் புள்ளியைச் சொல்லிவிடும். ஆகவே படத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கும் வித்தை இங்கே பலிக்காது. இரண்டு தகடுகளும் நடுவே காற்றுமாக, ஒளி கடக்க வேண்டிய எல்லைகள் பெருகிவிடுகின்றன; கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையும் நூற்றுக்கு நான்கு பங்கேனும் ஒளியைத் திருப்பியனுப்பும். உள்ளிருந்து வரும் ஒளி குறைகிறது. வெளியிலிருந்து விழும் வெயில் பளபளக்கிறது. இவற்றைவிடப் பெரிய தோஷம் ஒன்று உண்டு: அந்த ஆக்சைடுப் பூச்சு கண்ணாடியைப்போல் உடையும் தன்மையது; அதைத் தாங்கும் மேல் தகடோ ஒவ்வொரு தொடுதலிலும் வளைந்து நிமிர்கிறது. அடிக்கடி அழுத்தப்படும் இடங்களில் நாளடைவில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். வெடித்த இடத்தில் மின்னழுத்தச் சரிவு சீர்குலையும். திரை தவறான இடத்தைச் சொல்லும், அல்லது மௌனமாகிவிடும். பெரியவர் “டச்சு போயிருச்சு” என்று சொன்னது இதைத்தான். இந்தக் குறையை மறந்துவிடாதீர்கள். தீர்ப்பின்போது இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்தது விரல். இங்கேதான் அளவுகோல் வேண்டும். 2.4 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம். 240க்கு 320 என்னும் புள்ளிக் கணக்கு 3க்கு 4 என்னும் விகிதம் ஆகையால், பிதாகோரசின் சூத்திரப்படி திரையின் அகலம் 1.44 அங்குலம், அதாவது 36.6 மில்லிமீட்டர்; உயரம் 48.8 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் முகம். மனிதனுடைய விரல் நுனியோ 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலமுடையது. தீப்பெட்டியின்மேல் அருகருகே எத்தனை விரல்களை வைக்கலாம் என்று நீங்களே வைத்துப் பாருங்கள். நான்காவது விரல் வைத்ததும் இடம் தீர்ந்துவிடும்.

இதை ஊகத்துக்கு விடாமல் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கையில் கருவியைப் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தொடும்போது, குறி எவ்வளவு பெரிதாக இருந்தால் தவறின்றித் தொடலாம் என்று 2006இல் பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் என்னும் மூவர் ஆராய்ந்து, ஒரே தொடுதலில் முடியும் காரியங்களுக்கு 9.2 மில்லிமீட்டரும், தொடர்ந்து தொட வேண்டிய காரியங்களுக்கு 9.6 மில்லிமீட்டரும் இருத்தல் நலம் என்று கூறினர். 36.6ஐ 9.2ஆல் வகுத்தால் நான்குக்கு மயிரிழை குறைவு. ஆகவே இத்திரையில் ஒரு வரிசைக்கு மூன்று படக்குறிகள் என்றால் சௌகரியம். நான்கு என்றால் எல்லை. ஐந்து என்றால் அபராதம். ஆங்கிலத் தட்டச்சுப் பலகையின் மேல்வரிசையில் பத்து எழுத்துகள் உள்ளன. அவற்றை இத்திரையில் பரப்பினால் ஒவ்வோர் எழுத்துக்கும் கிடைப்பது 3.66 மில்லிமீட்டர், விரலகலத்தில் பாதிக்கும் குறைவு.

இந்த நெருக்கடியின் விலையைக் கணக்கிட, அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதி ஒன்று உதவும். உலோக எழுதுகோலால் இரண்டு தகடுகளை மாறி மாறித் தட்டச் சொல்லி அவர் கண்டது, ஒரு குறியை அடைய ஆகும் நேரம், தூரத்தின் இருமடங்கைக் குறியின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையை ஒட்டிப் பெருகும் என்பதே. 30 மில்லிமீட்டர் தூரம் நகர்ந்து 9 மில்லிமீட்டர் குறியைத் தொடுவதன் கடினம், இரண்டை அடியாகக் கொண்ட மடக்கைக் கணக்கில் 2.74, அதே தூரத்தில் 3.66 மில்லிமீட்டர் குறியைத் தொடுவதன் கடினம் 4.04. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விசித்திரம் என்னவென்றால், மின்சாரத்துக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. இவ்வகைத் திரைகளுக்குப் பரவலாகப் பயன்படும் அளவிச் சில்லுகள், முழு அகலத்தையும் 4096 படிகளாகப் பிரித்தறிய வல்லவை. ஒரு படி நூறில் ஒரு மில்லிமீட்டர்கூட ஆகாது. திரை நுட்பமாகத்தான் கேட்கிறது. விரல்தான் மழுங்கலாகப் பேசுகிறது.

ஆகவே எழுத்துகளைத் திரையில் திணிக்காமல் கீழே பொத்தான்களாக விட்டுவைத்தது, சிக்கனத்தால் விளைந்த குறை என்று பலர் எண்ணினாலும், என் மதிப்பில் அது அந்தக் கருவியின் விவேகம். படக்குறியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கண்ணின் காரியம், அதற்குத் திரை. எண்ணை அடிப்பது பழக்கத்தின் காரியம், அதற்குப் பொத்தான். பார்வையற்ற அன்பர் ஒருவருடைய விரல், 5ஆம் எண் பொத்தானின்மேல் புடைத்திருக்கும் சிறு மேட்டைத் தடவிக் கண்டவுடன், மற்ற எட்டு எண்களும் அதைச் சூழ்ந்து எங்கே இருக்கின்றன என்று ஐயமின்றி அறிந்துகொள்கிறது. வழுவழுப்பான கண்ணாடியில் அத்தகைய கலங்கரை விளக்கம் ஏதுமில்லை.

அந்தப் பன்னிரண்டு பொத்தான்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் தலைமையில் இயங்கிய குழுவினர், 1950களின் இறுதியில் எண்களை வட்டமாகவும் வரிசையாகவும் சதுரமாகவும் பல விதமாக அடுக்கி மக்களிடம் கொடுத்துப் பரீட்சித்த பின்னரே, மும்மூன்றாக அடுக்கிக் கீழே பூஜ்யம் வைக்கும் முறையைத் தேர்ந்தனர். 1963 நவம்பர் 18ஆம் தேதி பொதுமக்கள் உபயோகத்துக்கு வந்தபோது பொத்தான்கள் பத்தே. உடுக்குறியும் சதுரக்குறியும் 1968இல் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ஸ்வரங்கள்: கிடைவரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று. 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்தொலிக்கும். ஒன்றை மட்டும் மனிதக் குரல் தற்செயலாக எழுப்பிவிடலாம். பொருந்தாத இரண்டை ஒருங்கே எழுப்புவது அரிது என்பதால் இந்த இரட்டைக் காப்பு.

இனிப் பெரியவருடைய மோட்டாருக்கு வருவோம். 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் என்று பெயர்பெற்ற கோயம்புத்தூர், இன்றும் பம்புசெட்டுகளின் தலைநகரம். கிணற்று மோட்டார் வீட்டிலிருந்து தொலைவில் இருக்கும். மும்முனை மின்சாரமோ நடுநிசியிலும் வரும், விடியலிலும் வரும். இருட்டில் வரப்பில் நடந்து, பாம்புக்கும் பயந்து, ஸ்டார்ட்டரை அழுத்தச் செல்வதற்கு மாற்றாக, ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டையோடு கூடிய சாதனத்தைப் பொருத்திவிடுகிறார்கள். விவசாயி அந்த எண்ணை அழைக்கிறார், பெட்டி எடுக்கிறது, குறித்த எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், வேறோர் எண்ணை அழுத்தினால் நிற்கும். அழுத்திய எண்ணைப் பெட்டி அறிவது மேற்சொன்ன இரட்டை ஸ்வரத்தால்தான். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: ஜிஎஸ்எம் கைப்பேசி அந்த ஸ்வரத்தைத் தானே பாடிப் பேச்சோடு அனுப்புவதில்லை, இன்ன பொத்தான் அழுத்தப்பட்டது என்று தனிச் செய்தி அனுப்ப, வலையமைப்பு அதைச் சுத்தமான ஸ்வரமாக்கி மறுமுனைக்குக் கொடுக்கிறது. வயலில் காற்று இரைந்தாலும் நாய் குரைத்தாலும் எண் பிசகாமைக்கு இதுவே காரணம்.

நள்ளிரவில் பாதித் தூக்கத்தில் கண்ணாடி அணியாத அறுபது வயதுக் கண்ணோடு இந்தக் காரியத்தைச் செய்வதாக எண்ணிப் பாருங்கள். முழுத் தொடுதிரைக் கருவியானால், அழைப்பின் நடுவே கருவியைக் காதிலிருந்து எடுத்து, எண்பலகைப் படக்குறியைத் தேடித் தொட்டு, தோன்றும் எண்களில் ஒன்றைக் குறிபார்த்துத் தொட வேண்டும். பொத்தான் கருவியில், காதிலிருந்து சற்றே விலக்கிக் கட்டைவிரலைக் குறித்த எண்ணின் இடத்துக்குக் கொண்டுபோனால் போதும். “தோது” என்று பெரியவர் ஒரே சொல்லில் சொன்னதை, எனக்கு ஃபிட்ஸும் பெல் ஆய்வுக்கூடமும் வந்து விளக்க வேண்டியிருந்தது.

எழுதும் காரியத்தில் மட்டும் பொத்தான்களைப் புகழ நான் துணிய மாட்டேன். ஒரு பொத்தானில் மூன்று நான்கு ஆங்கில எழுத்துகளை அடைத்து, முதல் எழுத்துக்கு ஒருமுறை, நான்காவதுக்கு நான்கு முறை என்று அழுத்தும் முறையில், “சரி” என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க 11 அழுத்தல்கள் ஆகின்றன. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நந்நான்கே போதும், ஆனால் நடுவில் வரும் இரட்டை எழுத்துக்குச் சற்று நிறுத்தி மூச்சுவிட வேண்டும். தமிழ் எழுத்திலேயே எழுதினால் வேறொரு கட்டணம் உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்தாயின் 160 கொள்ளும், யூனிகோடுத் தமிழாயின் 70 குறிகளே கொள்ளும். அந்த எழுபதிலும் அகரம் ஏறியது தவிர மற்ற உயிர்மெய் ஒன்றுக்கு மூல எழுத்தும் துணைக்குறியுமாக இரண்டு செலவாகும்; புள்ளிக்கும் தனிக்கணக்கு. “காந்திபுரம்” என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து; கைப்பேசிக்கு 11 குறி. ஆறு முறை ஊர்ப்பெயரை எழுதி, இடையே இடைவெளியும் விட்டால் ஒரு செய்தியில் அடங்காது.

நூலறிவோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் கடையிலேயே இவ்வகைப் பழங்கருவி ஒன்றை வாங்கி மூன்று வாரம் உபயோகித்தேன். எந்த நிறுவனத்தது என்பது இங்கே வேண்டா. காந்திபுரத்திலிருந்து உக்கடம் செல்லும் நகரப் பேருந்தில், ஒரு கை கம்பியைப் பற்ற, மறு கையின் கட்டைவிரலே சகலமும் செய்ய வேண்டிய நிலையில், எண்ணை அடித்து அழைப்பதில் ஒருமுறையும் பிசகவில்லை. ஆனால் திரையில் பெயர்ப் பட்டியலை நகர்த்தும்போது, வண்டி குலுங்கிய ஒவ்வொரு தடவையும் இழுத்தல் தொடுதலாக மாறி, அழைக்க விரும்பாத ஒருவருக்கு அழைப்புப் போயிற்று. அவர்களில் ஒருவர் பத்தாண்டுகளாக என்னோடு பேசாதிருந்த உறவினர். அவர் எடுத்தார், பேசினோம், அதைக் கருவியின் குணத்தில் சேர்ப்பதா தோஷத்தில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நூறடிச் சாலையில் உச்சி வெயிலில் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகி, என் முகமே தெரிந்தது. எல்லைக்கு நாலு பங்கு என்று மேலே எழுதியதன் அனுபவ அர்த்தம் அதுதான். கை நனைந்திருந்த மழை நாளில் திரையும் பொத்தானும் ஒன்றுபோல் பணிந்தன. மின்கலத்தைப் பற்றி நீட்டி உரைக்க ஒன்றுமில்லை: 1020 மில்லி ஆம்பியர்-மணி என்பது இன்றைய ஸ்மார்ட்போன் மின்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், சிறு திரையும் சிறு மூளையும் உண்பது குறைவாகையால், எனக்கு அது நாட்கணக்கில் வந்தது.

இனித் தீர்ப்பு. திரை சிறிது என்பதும், இரு விரல் அறியாது என்பதும், எழுதப் பொத்தான் வேண்டும் என்பதும் இக்கருவிகளின் குற்றங்கள் அல்ல. தீப்பெட்டி அளவுத் திரைக்கு அவையே பொருத்தமான வரம்புகள். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய பொத்தான் கைப்பேசிகளில் மேலும் கீழும் வலமும் இடமும் நகர்த்த நடுவே ஒரு பொத்தான் இருந்தது. ஆஷா 202 போன்ற கலப்புக் கருவிகளில், தொடுதிரை வந்துவிட்டது என்று அதை நீக்கிவிட்டார்கள். அதனால், பட்டியலில் ஒரு வரி கீழே இறங்குவதற்கும் திரையையே நாட வேண்டியதாயிற்று. கருவியின் உறுப்புகளிலேயே முதலில் தேயக்கூடியது, ஒவ்வொரு தொடுதலிலும் வளைந்து நிமிரும் அந்த மேல் தகடுதான் என்று முன்பே கண்டோம். எது முதலில் தேயுமோ அதற்கு மாற்று வழி வைக்காமல் போனது சிற்பிகளின் பிழை. ஒரு விரலகல இடத்தை மிச்சப்படுத்தப்போய், திரை கெட்டால் நல்ல பொத்தான்கள் பன்னிரண்டு இருந்தும் கருவி பாதி ஊமையாகும்படி செய்துவிட்டார்கள். தம்பி சொன்ன “ரெண்டுங்கெட்டான்” இந்த ஓர் இடத்தில் மட்டும் சரி.

பெரியவருடைய கதையை முடித்துவிடுகிறேன். தம்பி தன் மேசை இழுப்பறையில் நெடுநேரம் துழாவி, உடைந்துபோன வேறொரு கைப்பேசியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு தொடுதகட்டைக் கண்டெடுத்துப் பொருத்திக் கொடுத்தான். கொடுக்குமுன் அவன் செய்த ஒரு காரியத்தை நான் கவனித்தேன். சுண்டுவிரல் நகத்தால் திரையின் நான்கு மூலைகளையும், பிறகு நடுவையும் தொட்டுப் பார்த்தான். சரிவு கோடியிலிருந்து கோடிவரை சீராக இருந்தால்தான் நான்கு மூலைகளும் பதில் சொல்லும். இந்த அத்தியாயத்தில் நான் பல பக்கங்களில் விளக்கியதை அவன் ஐந்து தட்டலில் முடித்துவிட்டான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகக் காந்திபுரத்திலோ வேறெங்கோ இத்தகைய பழங்கருவி வாங்க நேர்ந்தால், விலை பேசுமுன் அதே ஐந்து இடங்களை நகத்தால் தொட்டுப் பாருங்கள். ஒரு மூலை மௌனமாயிருந்தாலும் வேறு கருவி கேளுங்கள். நடுவில் நகர்த்தும் பொத்தானும் உள்ள கருவி அகப்பட்டால், திரை எவ்வளவு சிறிதாயினும் அதையே வாங்குங்கள்.